தாத்தா வீட்டுச் சாக்குமூட்டையில் இரண்டு துப்பாக்கிகள்

தம்பி, உங்கள் கேள்வியையும் நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். சிராங்கூன் கார்டன்ஸில் தாத்தாவின் தரைவீட்டை விற்பதற்காகக் காலி செய்துகொண்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை, மாடிப்படிக்குக் கீழே உள்ள ஸ்டோர் ரூமில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு சாக்குமூட்டை கிடைத்தது. உள்ளே நீளமான இரண்டு துப்பாக்கிகள், ஒரு சிகரெட் டின்னில் சில தோட்டாக்கள். அவற்றை நேதாஜியே தாத்தாவுக்குக் கொடுத்தார் என்கிறார் சித்தப்பா. துருவைத் தேய்த்து வார்னிஷ் அடித்து ஹாலில் மாட்டலாம் என்கிறார் பெரியப்பா மகன். இவை எந்த வகைத் துப்பாக்கிகள், எந்தக் காலத்தவை, என்ன மதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் படங்களை வைத்து நிறையவே சொல்ல முடியும். ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை. மூன்று நாள் போய்விட்டது. இதை மேலே படிக்கும் முன் 999க்கு அழையுங்கள். “இறந்துபோன தாத்தாவின் வீட்டைச் சுத்தம் செய்தபோது பழைய துப்பாக்கிகளும் தோட்டாக்களும் கிடைத்தன, தொடாமல் வைத்திருக்கிறோம்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். முகவரி கொடுங்கள். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நாமே கொண்டுபோய் ஒப்படைத்தால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்து மூட்டையை டாக்சியில் ஏற்றிப் போலிஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். அவர்கள்தான் வர வேண்டும், நீங்கள் போகக்கூடாது.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. துப்பாக்கி, வெடிபொருள் கட்டுப்பாட்டுக்காக 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டமும் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தவில்லை. “துருப்பிடித்துப் போச்சு, இனிமேல் சுடாது” என்று பெரியப்பா மகன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சுடுமா சுடாதா, பழம்பொருளா ஆயுதமா என்று முடிவு செய்வது காவல்துறையின் வேலை. அந்தத் தீர்ப்பை நாமே எழுதிக்கொண்டு சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

இன்னொரு காரணம், தோட்டாக்கள். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் 100 கிலோ எடையுள்ள போர்க்கால வெடிகுண்டு ஒன்று கிடைத்ததே, நினைவிருக்கிறதா? அதை அங்கிருந்து நகர்த்துவதே ஆபத்து என்பதால், அக்கம்பக்கத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிவிட்டு அங்கேயே வெடிக்க வைத்தார்கள். மண்ணுக்குள் 80 ஆண்டுக்கும் மேல் கிடந்தும் அதன் மருந்து சாகவில்லை. உங்கள் சிகரெட் டின்னில் இருப்பவை அதன் முன்னால் கடுகு மாதிரிதான். ஆனால் மருந்துக்கு வயதாகிவிட்டதால் சாந்தமாகிவிடாது என்பது இரண்டுக்கும் பொருந்தும். டின்னைக் குலுக்காதீர்கள், பச்சைக் களிம்பைச் சுரண்டாதீர்கள், குப்பைக்கூடையில் போடாதீர்கள்.

அழைத்தாயிற்றா? சரி, இனிப் பேசுவோம்.

நான் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா அங்கே கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர். பழைய துப்பாக்கிகளில் உள்ள முத்திரைகளைப் படிப்பது முப்பது ஆண்டுகளாக எனக்குப் பழக்கம். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேய்க்க விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதேபோல் ஒரு ரைஃபிள் கிடைத்தது. போலிஸுக்குச் சொல்வதற்கு முந்தைய நாள், ‘அழுக்காகக் கொடுக்கக் கூடாது’ என்று பேரன் உப்புத்தாளை எடுத்து மணிக்கணக்கில் தேய்த்திருக்கிறான். என்னிடம் படம் வந்தபோது எஃகு கண்ணாடிபோலப் பளபளத்தது. கிரீட முத்திரை இருந்த இடத்தில் ஒரு மங்கல் தடம், ஆண்டு இருந்த இடத்தில் 19 என்ற இரண்டு இலக்கம், அவ்வளவுதான் மிச்சம். எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, யாருக்காகச் செய்தது என்று ஒன்றுமே சொல்ல முடியவில்லை. அந்த வீட்டுப் பாட்டி ‘அப்போ அவரோடதுதானா இல்லையா’ என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. துருவுக்கு அடியில் எழுத்து உயிரோடு இருக்கும். தேய்த்தால் போய்விடும்.

இப்போது உங்கள் இரண்டாவது படம், ‘சீன எழுத்து’ இருக்கும் ரைஃபிள். கதவுத் தாழ்ப்பாள்போல இழுத்துத் தள்ளும் போல்ட்டுக்கு முன்னால், குழல் தொடங்கும் இடத்தில், மேலிருந்து கீழாக மூன்று எழுத்துகள் தெரிகின்றன. அவை ஜப்பானிய ராணுவ எழுத்துகள். முதல் இரண்டும் ஒரே எழுத்து என்பதைக் கவனித்தீர்களா? அது ஒன்பதைக் குறிக்கும் எழுத்து. ஆக ஒன்பது, ஒன்பது, வகை. இது ‘டைப் 99’ எனப்படும் அரிசாகா ரைஃபிள். 99 என்பது ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2599இன் கடைசி இரண்டு இலக்கங்கள். நம் கணக்கில் 1939. மூன்று கிடைக்கோடுகளும், அதன் கீழே கூரைபோல இரு பக்கமும் சரியும் இரண்டு கோடுகளும் இருந்திருந்தால் அது முப்பத்தெட்டு. 1905ஆம் ஆண்டின் பழைய மாதிரி, 6.5 மில்லிமீட்டர் தோட்டா போடுவது. உங்களுடையது 7.7 மில்லிமீட்டர். இன்னும் சந்தேகம் இருந்தால் அந்த எழுத்துகளுக்கு அருகே எஃகில் சிறு துளை எத்தனை என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 99க்கு ஒன்று, 38க்கு இரண்டு. உங்கள் படத்தில் ஒன்றுதான்.

அடிக்கட்டையில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடுவதைப் பார்த்து, உடைந்து ஒட்டவைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உடையவில்லை. அரிசாகாவின் அடிக்கட்டையை மேலொன்று கீழொன்றாக இரண்டு மரத்துண்டுகளைக் கோத்துத்தான் செய்தார்கள். ஒரே பெரிய பலகை தேவைப்படாது, உறுதியும் குறையாது. எங்கிருந்தாவது அரிசாகா கட்டை மட்டும் தனியாகக் கிடைத்தால்கூட இந்தக் கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கட்டையின் நுனியில் எஃகுத் தகடு இருப்பதும் நல்ல குறிப்பு. போரின் கடைசியில் ஜப்பானிடம் எஃகு தட்டுப்பட்டபோது அங்கே வெறும் மரத்துண்டை ஆணியடித்து அனுப்பினார்கள். உங்களுடையது அதற்கு முந்தையது.

இந்தப் படத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது எழுத்துகளுக்கு மேலே உள்ள இடத்தில். ‘ஏதோ பூப்போல இருந்ததை யாரோ அராவிவிட்ட மாதிரி’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிகச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். அது 16 இதழ் கொண்ட செவ்வந்திப் பூ, ஜப்பானியப் பேரரசரின் சின்னம். அந்தச் சின்னம் இருக்கும்வரை ரைஃபிள் பேரரசரின் சொத்து. 1945இல் சரணடைந்தபோது, அந்தச் சின்னத்தோடு ஆயுதத்தை எதிரி கையில் கொடுக்கக் கூடாது என்று ஏராளமான ரைஃபிள்களில் பூவை அராவிவிட்டுத்தான் ஒப்படைத்தார்கள். ராணுவத்திலிருந்து விலக்கி வேறு பயன்பாட்டுக்குக் கொடுத்தபோதும் சில சமயம் அப்படிச் செய்ததுண்டு. ஆனாலும் இந்த வட்டாரத்தில் கிடைக்கும் 99 ஒன்றில் பூ அராவப்பட்டிருந்தால், முதலில் நினைக்க வேண்டியது சரணடைதலைத்தான். இங்கே அது நகராண்மைக் கட்டடத்தில் முறைப்படி நடந்தது 1945 செப்டம்பர் 12ஆம் தேதி.

இங்கேதான் சித்தப்பாவின் கதையைத் தொட வேண்டியிருக்கிறது. வருத்தத்தோடுதான் தொடுகிறேன். நேதாஜி 1943 ஜூலை 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திர இயக்கத்தின் தலைமையை ஏற்றார், மறுநாள் பாடாங்கில் அணிவகுப்பைப் பார்வையிட்டார். 1945 ஆகஸ்ட் நடுவில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியவர் திரும்பி வரவே இல்லை. பூ அராவிய ரைஃபிளை அவர் கையால் கொடுத்திருப்பார் என்று நம்ப எனக்கு வழி தெரியவில்லை. அதோடு, இந்திய தேசிய ராணுவத்தினர் (ஐஎன்ஏ) பெரும்பாலும் தூக்கியது பிரிட்டிஷாரிடம் பிடுங்கிய ஆயுதங்களை, ஜப்பானிய ரைஃபிள்களை அல்ல.

ஆனால் ஒன்றை நன்றாகப் பிரித்துப் பாருங்கள். தாத்தா ஐஎன்ஏவில் இருந்தார் என்பதை இந்த ரைஃபிள் பொய்யாக்கவில்லை. தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில். தாத்தாவும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். போர் முடிந்த குழப்பத்தில், ஆயுதங்கள் கேட்பாரற்றுக் கிடந்த மாதங்களில், இது அவர் கைக்கு வந்திருக்கலாம். பிள்ளைகள் கேட்டபோது இரண்டு உண்மைகள் ஒரே கதையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சித்தப்பாவிடம் ‘பொய்’ என்று சொல்லாதீர்கள். ‘துப்பாக்கி வேறு, தாத்தா வேறு’ என்று சொல்லுங்கள்.

அடுத்து இரட்டைக்குழல். இது என் மனதுக்கு நெருக்கமானது, ஏனென்றால் இதே மாதிரி ஒன்று எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியின் வீட்டில் முறையான லைசென்சோடு இருந்தது. காட்டுப்பன்றி மரவள்ளித் தோட்டத்துக்குள் இறங்கினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ரவைத் தோட்டா போட்டுச் சுடுவது. இரண்டு குழல் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு சுத்தியலும் வெளியே காது மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் படத்தில் இருப்பதும் அப்படியே.

கரையான் உங்களுக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. குழலுக்கு அடியில் கையால் பிடிக்கும் முன்கட்டையை அது முழுக்கத் தின்றுவிட்டதால், சாதாரணமாகக் கழற்றினால்தான் தெரியும் அடிப்பக்கம் மூன்றாவது படத்தில் வெட்டவெளியாகத் தெரிகிறது. அங்கே முட்டை வடிவக் கோட்டுக்குள் இ, எல், ஜி என்று மூன்று எழுத்து, கீழே ஒரு நட்சத்திரம், மேலே ஒரு சிறு கிரீடம். இது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனைச் சாலையின் முத்திரை. அந்த நகரில் செய்த ஒவ்வொரு குழலையும் அளவுக்கு மீறி மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால்தான் இந்த முத்திரையைக் குத்துவார்கள். கிரீடம் சேர்ந்தது 1893இலிருந்து. எனவே துப்பாக்கி அதற்குப் பிந்தையது.

எவ்வளவு பிந்தையது? குழலில் துருவுக்கு நடுவே நெளிநெளியாக, ஆற்றுமணலில் தண்ணீர் ஓடிய தடம்போல ஒரு கோலம் தெரிகிறதல்லவா? துருவின் அழுகல் என்று நினைத்துவிடாதீர்கள். இரும்பையும் எஃகையும் கம்பிகளாக நீட்டி, கயிறு திரிப்பதுபோல முறுக்கி, ஓர் உருளையைச் சுற்றிச் சுற்றி வைத்துக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய குழல் அது. டமாஸ்கஸ் குழல் என்பார்கள். லியேஜ் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக இந்த வேலை நடந்தது. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை லியேஜைப் பிடித்ததும் அந்தத் தொழில் நொறுங்கியது. முழு எஃகுக் குழல் ஏற்கெனவே மலிவாகிவிட்டிருந்தது, போருக்குப் பிறகு பழைய வேலை பழையபடி எழவே இல்லை. எனவே உங்கள் துப்பாக்கியை 1893க்கும் 1914க்கும் இடையில் வைப்பேன். தாத்தாவுக்கே அது பழம்பொருள், யாரோ ஒரு துரையிடமிருந்தோ கடையிலோ இரண்டாம் கையாக வாங்கியிருப்பார்.

குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் ஆங்கிலப் பெயர் பொறித்திருப்பதால் இங்கிலாந்துத் துப்பாக்கி என்று சித்தப்பா சொல்கிறாராம். பெயரை நம்பாதீர்கள், முத்திரையை நம்புங்கள். பெரிய ஆங்கிலேயக் கம்பெனிகளின் பெயரைப்போலவே ஒலிக்கும் பெயர்களைப் பொறித்து, லியேஜிலிருந்து உலகம் முழுக்க மலிவுத் துப்பாக்கிகளை அனுப்பினார்கள். இங்கிலாந்தில் சோதித்திருந்தால் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் முத்திரை இருக்கும். இதில் இல்லை. வைரவடிவக் கட்டத்துக்குள் 12 என்று இருப்பது 12 போர் என்பதற்கு. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ, குழலின் வாய் அவ்வளவு, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். எண் கூடினால் குழல் சிறுக்கும்.

இப்போது அந்த டின். எனக்கு இரண்டு துப்பாக்கிகளையும்விட இதுதான் அதிகமாகப் பேசுகிறது. நான்காவது படத்தில் சிவப்பு அட்டைத் தோட்டாக்கள் மூன்று, நம் ஊர் ஈரத்தில் ஊதிப்போய்க் கிடக்கின்றன. அவை இரட்டைக்குழலுக்கு உரியவை. அவற்றோடு கூர்மையான பித்தளைத் தோட்டாக்கள் இரண்டு. ஒன்றின் அடிப்பக்கம் கேமராவைப் பார்த்து இருக்கிறது: கே, நடுவே ஓர் அம்பு, எஃப், 43, ரோமன் எழுத்தில் ஏழு. இது பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டா, பூனாவுக்குப் பக்கத்தில் உள்ள கிர்க்கீ தொழிற்சாலையில் 1943இல் செய்தது.

.303 தோட்டா உங்கள் அரிசாகாவில் போகாது. அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் தோட்டாவின் உருவம் வேறு. இரட்டைக்குழலிலும் போகாது. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15ஆம் தேதி. 1943இல் இந்தியாவில் செய்த தோட்டா, பெரும்பாலும் பிரிட்டிஷார் திரும்பி வந்த பிறகுதான் இங்கே வந்திருக்கும். தாத்தா ஐம்பதுகளில் ஜொகூரில் தோட்டத்துக் கிராணி என்று நீங்களே சொல்கிறீர்கள். மலாயாவில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்களுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் ரைஃபிள் கொடுத்தார்கள். அப்படி அவர் கையில் இருந்த லீ என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ரைஃபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப்பையில் தங்கிய இரண்டு தோட்டாக்களை டின்னில் போட்டிருக்கலாம். அல்லது அந்த மூன்றாவது துப்பாக்கியும் வீட்டிலேயே எங்கோ இருக்கலாம். வரும் அதிகாரிகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களே பலகைகளைப் பெயர்த்துத் தேடாதீர்கள்.

உங்களைப் போலவே பழைய வீட்டைக் காலி செய்யும் மற்றவர்களுக்காகச் சில வரிகள். மணிக்கட்டு அகலம் உள்ள கழுத்துப் பகுதியில், எஃகு வளையத்தில் கிரீடமும் அதன் கீழே ஜிஆர் என்றும் இருந்தால் லீ என்ஃபீல்டு. ஜிஆர்ஐ என்றால் வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையாக இருக்கலாம். குழல் முனையில் புனல் மாதிரி விரிந்த மூடியும் அடிக்கட்டையில் ரப்பரும் இருந்தால் ‘ஜங்கிள் கார்பைன்’. அது 1944இல்தான் பிறந்தது. 1942இல் கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பூட்டுத் தகட்டில் ‘டவர்’ என்ற சொல்லோ, நான்காகப் பிரித்த இதயச் சின்னமோ இருந்தால் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. இதயம் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. இந்த வகையில்தான் எச்சரிக்கை அதிகம் வேண்டும், நூறு ஆண்டுக்கு முன் கெட்டித்த மருந்தும் குண்டும் இன்னும் உள்ளேயே இருந்த கதைகள் உண்டு. மலாய் நண்பர்களின் வீடுகளில் கிடைக்கும் ‘லேலா’ என்ற சிறு வெண்கலப் பீரங்கிக்கும் இதே எச்சரிக்கைதான்.

விலை கேட்டீர்கள். பழம்பொருள் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், இணையத்தில் படம் போட்டு விசாரிக்காதீர்கள், உறவினர் மூலம் ஜொகூருக்கு அனுப்பலாம் என்ற பேச்சை வீட்டில் யார் எடுத்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். மலேசியச் சட்டமும் இந்த விஷயத்தில் கொடியது. அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும் என்று குடும்பத்துக்கு ஆசை இருந்தால், வரும் அதிகாரியிடம் முதல் பேச்சிலேயே அதைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். உறுதி எதுவும் கிடைக்காமல் போகலாம், ஆனால் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

துப்பாக்கிகள் போன பிறகும் உங்களிடம் தங்கக்கூடியவை இருக்கின்றன. தாத்தாவின் இரும்புப் பெட்டியையும் பழைய ஃபைல்களையும் ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். ஜொகூரில் அவர் எடுத்த துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால், செய்தவர் பெயர், போர் அளவு, எண் எல்லாம் அதில் இருக்கும். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, சிறப்புக் காவலர் அட்டை, சீருடையில் எடுத்த படம், எதுவானாலும் எடுத்து வையுங்கள். சித்தப்பா சொல்வதை அவர் சொன்னபடியே ஒலிப்பதிவு செய்யுங்கள், நேதாஜி கதையையும் சேர்த்து. கெனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து இப்படிப்பட்ட குரல்களைத்தான் சேர்த்துவருகிறது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும் இருக்கிறது.

கடைசியாக, அதிகாரிகள் வந்து மூட்டையைப் பிரித்துப் பார்க்கும்போது ஓரமாக நின்று, அனுமதி கேட்டுவிட்டு, அரிசாகாவின் இடப்பக்கத்தில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எண்ணுக்கு முன்னால் வட்டத்துக்குள் ஒரு ஜப்பானிய எழுத்து இருக்கும், பின்னால் ஒரு சிறு சின்னம் இருக்கும். அவை புரியாவிட்டாலும் பார்த்தபடியே வரைந்து எனக்கு அனுப்புங்கள். கொக்குராவில் செய்ததா, நகோயாவில் செய்ததா என்று பார்த்துச் சொல்கிறேன்.